ஊவாத் தோட்டங்களில் கருவும் காத்திருப்பும்

பெருந்தோட்டங்களின் வரலாற்றை ஆராயப் புகுவோருக்கு ஏடுகளுக்குப் பஞ்சமில்லை. எத்தனை ஏக்கரில் கோப்பி நடப்பட்டது, எத்தனை இறாத்தல் தேயிலை கொழும்புக்கு இறங்கியது, எத்தனை பிள்ளைகள் பிறந்தன, எத்தனை உயிர்கள் மடிந்தன என்பனவெல்லாம் எங்கேனும் ஓர் ஏட்டில் எழுதப்பட்டுள்ளன. பிறப்புக்கு ஒரு பதிவு. இறப்புக்கு ஒரு பதிவு. இவ்விரண்டிலும் சேராத ஒன்று உண்டு. நாள் தள்ளிப்போய், கரு தங்கியதென்று ஒரு பெண் எண்ணத் தொடங்கி, ஆறாம் வாரத்திலோ எட்டாம் வாரத்திலோ சிறிது இரத்தம் கண்டு, "இருக்கிறதா, போய்விட்டதா?" என்று அறியாமல் அவள் தவிக்கும் நாட்களே அவை. பதுளையைச் சூழ்ந்த மலைகளில் அத்தகைய நாட்களைக் கழித்த பெண்கள் எத்தனை ஆயிரவர் என்பதை எந்த ஆவணக் களரியும் நமக்குச் சொல்லாது.

இஃது அவையில் பேசத்தக்க பொருளா என்று சிலர் வினவக்கூடும். பேசாமையே இதன் வரலாற்றில் பாதி என்பதனாலேயே, நேயர்களே, இன்று இதைப் பேச எடுத்துக்கொண்டேன்.

முதலில் நம் மொழியிலிருந்து தொடங்குவோம். ஒரு பெண் கருவுற்றிருப்பதை, "அவள் முழுகாமல் இருக்கிறாள்" என்று நம் மூதாட்டியர் கூறினர். மாதவிலக்குக்குப்பின் தலைமுழுகும் வழக்கத்திலிருந்து பிறந்த சொல் இது. கூர்ந்து நோக்கின், நிகழாத ஒன்றை மட்டுமே இச்சொல் கூறுகிறது. வயிற்றில் ஓர் உயிர் உள்ளது என்று அடித்துச் சொல்லவில்லை. முழுகும் நாள் வந்தும் முழுகவில்லை என்பதோடு நின்றுவிடுகிறது. அடுத்த சொல் "தங்குதல்". கரு தங்கியது, தங்கவில்லை என்பார்கள். விருந்தாளியைப் போல, வந்தது தங்கவும் கூடும், போகவும் கூடும் என்ற அறிவு அச்சொல்லினுள் இருக்கிறது.

மணிவாசகர் திருவாசகத்துப் போற்றித் திருவகவலில், கருப்பையினுள் உள்ள உயிர் முதல் மாதம் தொடங்கிப் பத்தாம் மாதம் வரை எவ்வெவ் இடர்களிலிருந்து தப்பிப் பிழைத்தது என்று மாதம் மாதமாக வரிசைப்படுத்துகிறார். பிறப்பதற்கு முன்பே ஓர் உயிர் பலமுறை பிழைத்தாக வேண்டும் என்ற உணர்வு அன்றைய தமிழரிடம் இருந்தது. தஞ்சைப் பகுதியில் திருக்கருகாவூர் என்றொரு தலம் உண்டு. சம்பந்தரும் அப்பரும் பாடிய பதி. வேதிகை என்ற முனிபத்தினியின் கரு கலைந்தபோது அம்பிகை அதனைத் தெய்வக் குடத்தில் வைத்துக் காத்தாள் என்பது அங்குள்ள புராணம். கருக்காத்த நாயகிக்கென்றே ஒரு கோவில் எழுந்திருக்குமாயின், கரு நில்லாமற் போகும் துயரம் அந்நாட்டில் எவ்வளவு பரவலாக அறியப்பட்டிருக்க வேண்டும்! திருச்சியிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் சேலத்திலிருந்தும் மலையேறி வந்த நம் முன்னோர், பானை சட்டிகளோடு இந்த அறிவையும் கொண்டுவந்தனர். ஆனால் ஊரில் இருந்த தாய்வீட்டை அவர்களால் கொண்டுவர இயலவில்லை.

கோப்பிக் காலத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பறிப்புக் காலம் முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869ஆம் ஆண்டில் நமது மடூல்சீமையில் கோப்பி இலையில் கண்ட செந்நிறப் பூஞ்சணம், சில பத்தாண்டுகளில் அந்தப் பயிரையே துடைத்தெறிந்தது. அதன்பின் வந்த தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. ஆண்டு முழுவதும் கைகளை வேண்டுவது. அந்தக் கைகள் பெண்களின் கைகள். ஆதலின் குடும்பங்கள் மலையிலேயே நிலைத்தன. ஓர் இலைநோய், பெண்ணின் கருப்பைக் கவலைகளைத் தோட்டத்தின் கவலைகளோடு பிணைத்துவிட்டது என்று கூறினால் மிகையாகாது.

அவளுடைய ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். இருள் பிரியுமுன் தப்பு ஒலிக்கும். பிரட்டுக்களத்தில் நிற்கவேண்டும். கணக்கப்பிள்ளை பெயரைக் கூப்பிட்டால்தான் அன்றைய பேர். மலைக்குப் பிந்திப் போனாலோ, நிறை குறைந்தாலோ அரைப்பேர். பத்தடிக்குப் பன்னிரண்டடியான லயக் காம்பரா. இடையே ஒரு சுவர். அந்தப் பக்கத்து இருமல் இந்தப் பக்கம் கேட்கும். இத்தகைய இடத்தில் எதையும் மறைக்கவும் முடியாது; இதை வெளியிற் சொல்லவும் முடியாது. மூன்று மாதம் நிறையுமுன் சொன்னால் கண்ணேறு படும் என்பது வழக்கம். வழக்கத்தின் உட்கருத்தை நான் குறைகூறவில்லை. ஆயினும் கருவுற்றதே அறியப்படாத பெண்ணிடம், அது கலைந்தபோது ஆறுதல் சொல்ல யார் வருவார்?

நாள் தள்ளிப்போவதும் அங்கே உறுதியான அடையாளமன்று. கைப்பிள்ளைக்குப் பாலூட்டும் தாய்க்கு மாதவிலக்குத் திரும்புமுன்பே அடுத்த கரு தரித்துவிடலாம். ஊட்டக்குறைவும் கடும் உழைப்பும் மாதவிலக்கின் ஒழுங்கைக் குலைக்கும். கொக்கிப்புழு நோய் தோட்டங்களில் எவ்வளவு ஆழமாக வேரோடியிருந்தது என்பதை, 1916ஆம் ஆண்டில் ரொக்கஃபெல்லர் நிறுவனத்தார் மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கிய ஒழிப்பு இயக்கம் உலகுக்குக் காட்டியது. இரத்தம் வற்றிய உடலில் எது சோர்வு, எது மசக்கை என்று யார் பிரித்தறிவது? ஆகவே இரண்டு மாத இடைவெளிக்குப் பின் கண்ட இரத்தம், தள்ளிப்போன விலக்கா, கலைந்த கருவா என்பது பலருக்கு வாழ்நாள் முழுவதும் விளங்காமலே போயிற்று.

சட்டம் என்ன செய்தது? 1872ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென ஒரு கட்டளைச் சட்டம் பிறந்தது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாத காலம் உணவும் உறையுளும் அளிக்கும் கடமையைத் தோட்டத் துரையின்மீது வைத்தது. 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் பேறுகாலத்துக்கு ஊதியம் என்ற கொள்கையை நாட்டில் ஊன்றியது. இவை சிறு பேறுகள் அல்ல. இலங்கையில் 1930களில் ஓரிலட்சம் உயிர்ப்பிறப்புக்கு 2000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 1990களில் அத்தொகை 100க்கும் கீழே இறங்கியது. பயிற்சி பெற்ற மருத்துவ மாதரும், அருகிலுள்ள வைத்தியசாலைகளும், இலவச சிகிச்சையும் சேர்ந்து நிகழ்த்திய இந்த மாற்றம் உலகம் வியந்து படிக்கும் ஒன்று. தோட்டங்கள் அதில் பிந்தியே சேர்ந்தன என்பதும் உண்மை. ஆனால் சட்டத்தின் கண் எப்போதும் பிரசவத்தின்மீதே இருந்தது. ஆறாம் வாரத்துப் பெண் அதன் பார்வைக்குள் வரவில்லை. வரவும் வழியில்லை, அவளுக்கே தெரியாததைச் சட்டம் எவ்வாறு அறியும்?

அறியும் வழியைத் தேடிய கதை நெடியது, சுவையும் உடையது. ஏறக்குறைய 3300 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட எகிப்திய ஏடொன்று, கோதுமையையும் வாற்கோதுமையையும் பெண்ணின் சிறுநீரால் நனைத்து, முளைத்தால் கரு உண்டு என்கிறது. நகைக்க வேண்டாம். 1963ஆம் ஆண்டில் கெய்ரோ நகரத்து ஆய்வாளர் இதனைச் சோதித்தபோது, கருவுற்ற பெண்களின் சிறுநீரில் பத்துக்கு ஏழு முறை விதைகள் முளைத்தன; கருவுறாதோர் சிறுநீரில் முளைக்கவில்லை. 1927-28இல் பேர்லின் நகரத்து அஷ்ஹைம், ஸொண்டெக் என்னும் இருவர், கருவுற்றவளின் சிறுநீரைச் சிறு பெண்ணெலிகளுக்கு ஊசி மூலம் ஏற்றிச் சூலகத்தின் மாற்றத்தைக் கண்டனர். பின்னர் முயலைக் கொண்டு ஒரு சோதனை வந்தது. லான்ஸ்லொட் ஹொக்பன் என்பார் தென்னாபிரிக்காவில் ஆய்ந்ததன் பயனாக, நகமுள்ள ஒரு தவளையினமே சோதனைச் சாலைகளில் குடியேறிற்று. ஊசியேற்றிய சில மணி நேரத்தில் தவளை முட்டையிட்டால் பெண் கருவுற்றிருக்கிறாள் என்று பொருள். 1960இல் உயிர்ப்பிராணி தேவையற்ற சோதனை வந்தது. 1972இல் கருவுக்கே உரிய இயக்குநீரை இரத்தத்தில் நுண்ணளவிலும் காணும் முறை அமெரிக்காவில் அமைக்கப்பட்டது. அதே பத்தாண்டின் இறுதிக்குள் வீட்டிலேயே செய்யும் சோதனை கடைக்கு வந்தது. இன்று பதுளை நகரிலோ பண்டாரவளையிலோ எந்த மருந்துக்கடையிலும் ஒரு பட்டி வாங்கலாம். இரண்டு கோடு தெரிந்தால் கரு.

இங்கேதான் வரலாறு ஒரு விந்தை புரிகிறது. அறிவு விரைந்து வந்ததனால் ஐயம் ஒழியவில்லை. முன்னிருந்ததைவிட முன்னதாகவே தொடங்கியது. 1988ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வில்கொக்ஸ் என்பாரும் அவர் தோழரும் வெளியிட்ட ஆய்வொன்று இதற்குச் சான்று. பிள்ளை வேண்டிய 221 பெண்களின் சிறுநீரை நாள்தோறும் சோதித்தனர். 198 கருக்கள் தோன்றின. அவற்றில் 22 விழுக்காடு, மருத்துவ முறையில் அறியப்படுமுன்பே மறைந்தன. பின்னர் இழந்தவற்றையும் சேர்த்தால் 31 விழுக்காடு. அதாவது ஏறத்தாழ மூன்றில் ஒன்று. நம் பாட்டிமார் "இம்மாதம் பத்து நாள் தள்ளிவிட்டது" என்று சொல்லி மறந்துபோனவற்றில் பல இத்தகையனவே. இன்று அதே பத்து நாட்களில் ஒரு பெண் இரண்டு கோட்டைக் கண்டு, பெயர்கூட எண்ணிவைத்து, பின் இரத்தம் காண்கிறாள். இயற்கை மாறவில்லை, அவள் அறியும் நேரம் மாறிவிட்டது.

அடுத்தது ஒலியலைப் படம், நாம் ஸ்கேன் என்பது. கிளாஸ்கோ நகரத்து இயன் டொனால்ட், கொதிகலன் செய்யும் தொழிற்சாலையில் உலோகத்தின் வெடிப்பைக் காணப் பயன்பட்ட கருவியை மனித வயிற்றை ஆராயப் பயன்படுத்தி, 1958ஆம் ஆண்டில் தம் கண்டுபிடிப்பை வெளியிட்டார். 1970களின் தொடக்கத்தில் கருவின் இதயத் துடிப்பும் நீளமும் அளக்கப்பட்டன. இனி ஐயமேது என்று தோன்றும். ஆனால் ஐந்தாம், ஆறாம் வாரத்தில் படத்தில் ஒரு பை தெரியும். உள்ளே ஒன்றும் தெரியாது. அல்லது சிறு கரு தெரியும், துடிப்புத் தெரியாது. நாள் கணக்குப் பிசகி, கரு நாம் எண்ணியதைவிட இளையதாக இருக்கலாம். அல்லது வளர்ச்சி நின்றிருக்கலாம். இரண்டும் அன்று ஒரே போலத் தோன்றும்.

முற்காலத்தில் ஐந்து ஆறு மில்லிமீற்றர் நீளமான கருவில் துடிப்பில்லையெனில் முடிந்ததென்று தீர்ப்பளித்தனர். 2011ஆம் ஆண்டில் இலண்டன் ஆய்வாளர், இந்த அளவுகோலால் உயிருள்ள கருவும் தவறாகத் தீர்ப்புப் பெறக்கூடும் என்று காட்டினர். அதன்பின் அளவுகோல் கடுமையாக்கப்பட்டது. துடிப்பற்ற கரு ஏழு மில்லிமீற்றரும், கருவற்ற பை இருபத்தைந்து மில்லிமீற்றரும் எட்டினால்தான் உறுதி. அதற்குக் குறைந்தால் ஏழு முதல் பதினான்கு நாள் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். "இரண்டு வாரம் கழித்து வாருங்கள்" என்று வைத்தியர் சொல்வதைத் தட்டிக்கழிப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். நான் அவ்வாறு எண்ணவில்லை. தெரியாததைத் தெரியாதென்று கூறும் துணிவை மருத்துவம் மிகப் பிந்தியே கற்றது. அந்த இரண்டு வாரம் அக்கல்வியின் பயன்.

அதனைக் கற்குமுன் அது கொடுத்த விலை பெரிது. 1938இல் இலண்டனில் ஆக்கப்பட்ட டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரோல் என்ற செயற்கை இயக்குநீரை, கரு கலையாதிருக்கவென 1940கள் முதல் அமெரிக்காவிலும் வேறு பல நாடுகளிலும் இலட்சக்கணக்கான தாய்மாருக்குக் கொடுத்தனர். 1953இல் சிக்காகோவில் நடந்த ஒழுங்கான சோதனை, அதனால் ஒரு பயனும் இல்லை என்று காட்டிற்று. கொடுப்பது நிற்கவில்லை. இரத்தம் கண்டு அழும் பெண்ணிடம் "ஒன்றும் செய்வதற்கில்லை, காத்திரு" என்று கூற எந்த வைத்தியருக்குத்தான் மனம் வரும்? 1971இல், அம்மருந்துண்ட தாய்மாரின் பெண்மக்களுக்கு இளம் வயதிலேயே அரிய புற்றுநோய் தோன்றுவது கண்டறியப்பட்ட பின்னரே, கருவுற்றோருக்கு அதனைக் கொடுக்கலாகாதென அமெரிக்க அரசு விலக்கியது. காத்திருப்பைத் தாங்க மாட்டாமை நோயாளிக்கு மட்டும் உரிய குறை அன்று.

படுக்கையில் கிடத்தலும் அத்தகையதே. முன்னாளில் இரத்தம் கண்டால் கட்டிலைவிட்டு இறங்காதே என்பது வைத்தியக் கட்டளை. அதனால் கரு காக்கப்படுகிறது என்பதற்கு இன்றுவரை ஆதாரம் கிடைக்கவில்லை. தொடக்க வாரங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதி, கருக்கொள்ளும் கணத்திலேயே நிறமூர்த்தங்களில் நேர்ந்த பிழையால் கலைவன. கூடையைச் சுமந்ததாலோ, செங்குத்து மலை ஏறியதாலோ, பப்பாசிப்பழத் துண்டொன்றை உண்டதாலோ, மாமியாரோடு வாய்பேசியதாலோ நேர்ந்ததன்று. இதனை லயங்கள்தோறும் சொல்லவேண்டும். ஏனெனில், "நீ அன்றைக்கு மலைக்குப் போகாதிருந்தால்" என்ற ஒரு வாக்கியம் பல வீடுகளில் ஆண்டுக்கணக்காக ஒலிக்கிறது.

ஆனால் இவ்வுண்மையை இன்னொருவர் வேறு விதமாகப் பயன்படுத்தக் கூடும். ஓய்வு கருவைக் காக்காதெனில், அவள் ஏன் வேலைக்கு வரக்கூடாது என்று கேட்கலாம். இக்கேள்விக்கு நான் உடன்படேன். ஓய்வு கருவுக்கு மருந்தென்று கேட்கப்படுவதன்று. இரத்தப்போக்கும் வலியும் உடையவள், நெஞ்சில் இத்துணைப் பாரம் உடையவள், கொட்டும் மழையில் கங்குகளினூடே நிறை பார்த்துக் கொழுந்தெடுக்க வேண்டியதில்லை என்பதற்காகக் கேட்கப்படுவது.

காத்திருப்பிலும் காத்திருக்கக் கூடாத நிலை ஒன்று உண்டு. கரு கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில், தங்கிவிடுவது. குழாய் வெடித்தால் உள்ளே இரத்தம் பெருகி உயிர் போகும். 1883ஆம் ஆண்டில் பர்மிங்ஹாம் நகரத்து லோசன் டெயிட், வெடித்த குழாயை வெட்டியெடுத்து ஒரு பெண்ணைப் பிழைக்கவைக்கும்வரை, இஃது ஏறத்தாழ மரண தண்டனையே. அடிவயிற்றில் ஒரு பக்கத்தே கடும் வலி, தோள்முனையில் வலி, மயக்கம், கண் இருளல், அல்லது துணி அடுத்தடுத்து நனையும் பெரும் இரத்தப்போக்கு, காய்ச்சல் என்பவற்றில் எது தோன்றினும் திகதியை நோக்காது உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். மடூல்சீமையிலிருந்தோ, நமுனுகலைச் சரிவுகளிலிருந்தோ, கொஸ்லந்தை மேட்டிலிருந்தோ இரவில் இறங்கும் வழியை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். 1924இல் புகையிரதம் பதுளையை எட்டியது; அது தேயிலைப் பெட்டிக்கு வழி திறந்தது. மேற்பிரிவு லயத்திலிருந்து பெருந்தெருவுக்கு வரும் கல்பாதை பல இடங்களில் இன்னும் கல்பாதையாகவே உள்ளது. ஆதலின் ஐயமுற்ற நாளிலேயே, இரவில் வாகனம் யாரிடம் உண்டு என்று கேட்டுவைப்பது அறிவுடைமை.

சிறிது இரத்தம் மட்டுமே எனில் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. முதல் மூன்று மாதத்தில் நால்வரில் ஒருவர்க்கேனும் அது நேர்கிறது. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் குறைவின்றிப் பிள்ளை பெறுகின்றனர். மற்றப் பாதியில் தாம் இருப்போமோ என்பதை எவராலும் அன்றே கூற இயலாது. இதைவிட நேர்மையான விடையை நான் எங்கும் படித்ததில்லை.

2018ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால், எத்தனையாவது பிள்ளையாயினும் 84 நாள் விடுமுறை என்ற உரிமை தோட்டப் பெண்ணுக்கும் கிடைத்தது. உயிருள்ள பிள்ளை பிறவாத பிரசவத்துக்கு 42 நாள். இரண்டு ஸ்கேன்களுக்கு இடைப்பட்ட பதினான்கு நாட்களுக்கு, நாட்கூலி பெறுபவளுக்குப் பேர் எழுத இவற்றில் இடமில்லை. தொழிற்சங்கங்கள் கூட்டு ஒப்பந்தங்களில் எவ்வளவோ பேசியுள்ளன. இதனையும் ஒருநாள் பேசலாம்.

மாறியிருப்பது ஒன்று. எட்டாம் வாரத்துக்கு முன்பே கருவுற்றோரைப் பதிவுசெய்ய வேண்டும் என்பது இன்றைய குடும்ப சுகாதாரப் பணியகத்தின் குறிக்கோள். ஆகவே மூன்று மாதம் மறைத்துவைக்கும் வழக்கம் மருத்துவ மாதின் முன் மெல்லத் தளர்கிறது. முன்னர் எந்த ஏட்டிலும் ஏறாத இழப்பு, இன்று அவர் கையிலுள்ள ஏட்டில் ஒரு வரியாகவேனும் எழுதப்படுகிறது. அவர் லயத்துக்கு வரும்போது, பதுளை வைத்தியசாலையில் கொடுத்த சீட்டை அவரிடம் காட்டுங்கள். அதிலுள்ள திகதிக்கு முன் முடிவு சொல்ல வைத்தியராலும் முடியாது என்பதை மாமியாருக்கும் கணவனுக்கும் அவரே ஒருமுறை எடுத்துரைத்தால், அந்தக் காம்பராவில் அப்பெண்ணை நோக்கிக் காலையும் மாலையும் எழும் கேள்வி இரண்டு வாரத்துக்கேனும் நிற்கும்.